தமிழ் நாளிதழ்களில் ஊரக, நகர்ப்புறச் சமூகச் சிக்கல்கள்: குடிநீர்ச் செய்திகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நாளிதழ்கள் ஊரகச் சிக்கல்களுக்குப் போதிய இடம் தருவதில்லை என்பது இதழியல் ஆய்வுகளில் நெடுங்காலமாகச் சுட்டப்பெறும் குறையாகும். மாவட்டப் பதிப்புகள் பெருகியுள்ள இன்றைய சூழலில் இக்கருத்தை அப்படியே ஏற்க இயலாது. ஊர்ச் செய்திகள் நாள்தோறும் அச்சாகின்றன. அவை எந்த வடிவில் அச்சாகின்றன, எந்த எல்லைக்குள் படிக்கப்பெறுகின்றன என்பனவே இன்று எழுப்பப்பெற வேண்டிய வினாக்கள். குடிநீர் என்னும் ஒரே சிக்கலை அளவுகோலாகக் கொண்டு, 2016-17ஆம் ஆண்டு வறட்சியையும் 2019ஆம் ஆண்டு சென்னைக் குடிநீர்த் தட்டுப்பாட்டையும் ஒப்பிட்டு, ஊரகச் சிக்கல் ‘நிகழ்வாகவும்’ நகர்ப்புறச் சிக்கல் ‘தொடர்நிலையாகவும்’ செய்தியாக்கப்பெறும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நாளிதழ், மாவட்டப் பதிப்பு, ஊரகச் செய்தி, செய்தி மதிப்பு, செய்திச் சட்டகம், குடிநீர்த் தட்டுப்பாடு, வறட்சி.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 68.84 விழுக்காட்டினர் ஊரகப் பகுதிகளில் வாழ்கின்றனர். தமிழ்நாட்டில் இவ்விகிதம் 51.60 விழுக்காடு. எஞ்சிய 48.40 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தினர். ஊரகமும் நகரமும் ஏறத்தாழச் சமநிலையில் அமைந்துள்ள இம்மாநிலத்தில், இரு பகுதிகளின் சிக்கல்களும் நாளிதழ்களில் எவ்வாறு இடம்பெறுகின்றன என்பது ஆய்வுக்குரிய பொருளாகும்.

இத்தகைய ஒப்பாய்வுகளில் பொதுவாகப் பின்பற்றப்பெறும் முறை, செய்திகளின் எண்ணிக்கையையும் பத்தி அளவையும் கணக்கிடுவதாகும். அது பயனுள்ளதே எனினும், ஒரு செய்தி சிக்கலை எங்குத் தொடங்கி எங்கு முடிக்கிறது என்பதை எண்ணிக்கை காட்டாது. எனவே இக்கட்டுரை விளக்கமுறையை மேற்கொள்கிறது. ஊரகத்திற்கும் நகரத்திற்கும் பொதுவானதும், பத்தி எழுதுவோர் முதல் பகுதிநேர நிருபர் வரை அனைவரும் எழுதுவதுமான குடிநீர்ச் சிக்கல் இதற்குச் சான்றாகக் கொள்ளப்பெறுகிறது.

கோட்பாட்டுப் பின்புலம்

ஒரு நிகழ்வு செய்தியாவதற்குரிய காரணிகளை யோகான் கால்டுங், மாரி ரூகே ஆகிய நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 1965இல் வகுத்தனர். காங்கோ, கியூபா, சைப்ரசு நெருக்கடிகள் நார்வே நாளிதழ்களில் வெளியான முறையை ஆராய்ந்து அவர்கள் கூறிய காரணிகளுள் முதன்மையானது கால ஒத்திசைவு. நாளிதழின் கால அலகு ஒரு நாள். ஒரு நாளுக்குள் தொடங்கி முடியும் நிகழ்வு எளிதில் செய்தியாகிறது. பல மாதங்கள் மெல்ல வளரும் நிலை செய்தியாவதில்லை. அணை உடைவது செய்தி. கிணற்று நீர்மட்டம் ஆண்டுதோறும் சில அடிகள் தாழ்வது அவ்வாறு செய்தியாவதில்லை.

மேக்சுவெல் மெக்கோம்பு, டொனால்டு ஷா ஆகியோர் 1972இல் வெளியிட்ட ஆய்வு, எதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பதை மக்களுக்குக் காட்டும் ஆற்றல் செய்தி ஊடகங்களுக்கு உண்டு என நிறுவியது. இராபர்ட் எண்ட்மன் 1993இல் செய்திச் சட்டகம் என்னும் கருத்தாக்கத்தைத் தெளிவுபடுத்தினார். சிக்கலை வரையறுத்தல், காரணம் காட்டுதல், அறநோக்கில் மதிப்பிடுதல், தீர்வு கூறுதல் ஆகிய நான்கும் ஒரு சட்டகத்தின் பணிகள் என்பது அவர் கருத்து. தொலைக்காட்சிச் செய்திகளை ஆராய்ந்த சாந்தோ ஐயங்கார் 1991இல் நிகழ்வுச் சட்டகம், பொருண்மைச் சட்டகம் என இரண்டைப் பிரித்துக் காட்டினார். தனித்த நிகழ்வாகக் காட்டப்பெறும் சிக்கலுக்குப் பார்வையாளர் தனிமனிதரைப் பொறுப்பாக்க முனைகின்றனர். பின்புலத்துடன் காட்டப்பெறும்போது அரசையும் சமூகத்தையும் பொறுப்பாக்குகின்றனர் என்பது அவர் கண்ட முடிவு.

இந்தியச் சூழலில் இவ்வேறுபாட்டைக் களத்தில் நின்று விளக்கியவர் பி. சாய்நாத். இராமநாதபுரம், புதுக்கோட்டை உள்ளிட்ட வறிய மாவட்டங்களிலிருந்து அவர் எழுதிய கட்டுரைகள் 1996இல் நூலாயின. வறுமையை இதழ்கள் நிகழ்வாகவே காண்கின்றன, நிகழ்முறையாகக் காண்பதில்லை என்பது அந்நூலின் அடிப்படைக் குற்றச்சாட்டு. அவர் 2014இல் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக இந்தியாவின் இணைய ஆவணகம் தமிழிலும் வெளிவருகிறது.

அமர்த்தியா சென் இதன் மறுபக்கத்தைச் சுட்டினார். விடுதலை பெற்ற இந்தியாவில் பெரும் பஞ்சங்கள் தடுக்கப்பெற்றதற்குக் கட்டற்ற இதழ்களும் மக்களாட்சியும் காரணங்கள் என்றவர், நாள்பட்ட ஊட்டக்குறைவை வெளிக்கொணர்வதில் அதே இதழ்கள் அத்தகைய வெற்றி பெறவில்லை என்றும் கூறினார். பஞ்சம் நிகழ்வு, ஊட்டக்குறைவு நிலை. எனவே ‘நிகழ்வு – நிலை’ என்னும் வேறுபாடு உயிர்களைக் காக்கும் ஆற்றல் தொடர்பானதும் ஆகும்.

மாவட்டப் பதிப்புகளும் செய்தியின் எல்லையும்

1882இல் தொடங்கப்பெற்று 1899இல் நாளிதழான சுதேசமித்திரன் சென்னையை மையமாகக் கொண்டிருந்தது. 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எளிய தமிழாலும் பல ஊர்ப் பதிப்புகளாலும் நாளிதழைத் தேநீர்க் கடைக்குக் கொண்டு சென்றது. 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிப் பின்னர் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்த தினமலர், உள்ளூர்க் குறைகளை எழுதுவதைத் தன் இயல்பாக்கிக் கொண்டது. இந்திய மொழி நாளிதழ்களின் வளர்ச்சியை ஆராய்ந்த இராபின் ஜெஃப்ரி, அச்சுத் தொழில்நுட்ப மாற்றமும் உள்ளூர் விளம்பரச் சந்தையும் இணைந்து நாளிதழ்களைச் சிறுநகரங்களுக்கு இட்டுச் சென்றதை 2000இல் வெளியான தம் நூலில் விளக்கியுள்ளார். இந்தி நாளிதழ்கள் வழியே இதே போக்கைச் செவந்தி நைனன் 2007இல் ஆராய்ந்தார்.

இவ்வளர்ச்சியால் ஊரகச் செய்திகளின் அளவு கூடியது. ஒன்றியத் தலைநகரங்களிலும் சிறு பேரூராட்சிகளிலும் பகுதிநேர நிருபர்கள் அமர்த்தப்பெற்றனர். முன்னர் அச்சேறாத சிற்றூர்ப் பெயர்கள் நாள்தோறும் அச்சேறின. இது மறுக்கவியலாத நன்மை.

ஆயினும் இவ்வமைப்பு ஒரு முரணையும் உள்ளடக்கியுள்ளது. மாவட்டப் பக்கத்தில் வெளியாகும் செய்தி பெரும்பாலும் அம்மாவட்டப் பதிப்போடு நின்றுவிடுகிறது. விருதுநகர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் குடிநீர்ச் சிக்கலை விருதுநகர் மாவட்டத்தார் படிக்கின்றனர். அடுத்த பதிப்பிற்குரிய மாவட்டத்தில் அதே நாளில் அதே சிக்கல் வேறோர் ஊரின் பெயரில் அச்சாகிறது. இரு ஊரார்க்கும் இரண்டும் ஒரே சிக்கல் என அறியும் வாய்ப்பில்லை. தலைமைச் செயலகம் அமைந்துள்ள சென்னையின் பதிப்பில் இவ்விரண்டும் இடம்பெறுவதில்லை. சென்னைச் செய்தியோ மாநிலச் செய்தி என்னும் தகுதியில் எல்லாப் பதிப்புகளிலும் வெளியாகிறது. துன்புறுவோரின் செய்தி துன்புறுவோரிடமே சுற்றிவருவதும், முடிவெடுப்போர் வாழும் ஊரின் செய்தி எங்கும் பரவுவதும் இவ்வமைப்பின் விளைவுகள்.

காலிக்குடச் செய்தியின் அமைப்பு

மாவட்டப் பக்கங்களில் கோடைதோறும் இடம்பெறும் செய்தி வகை, குடிநீர் கேட்டுப் பெண்கள் காலிக்குடங்களுடன் சாலை மறியலில் ஈடுபடுவது. தமிழ் நாளிதழ் வாசகர் அனைவரும் அறிந்த இச்செய்தியின் உறுப்புகள் ஏறத்தாழ மாறாதவை. முதலில் ஊரும் ஒன்றியமும் குறிக்கப்பெறும். எத்தனை நாள்களாகக் குடிநீர் வரவில்லை என்பது ஒரு தொடரில் இடம்பெறும். பலமுறை மனு அளித்தும் நடவடிக்கை இல்லை என்பது அடுத்த தொடர். பின்னர் மறியல், காவல்துறையினர் அல்லது ஒன்றிய அலுவலர் வருகை, பேச்சுவார்த்தை, உறுதிமொழி என்பன தொடரும். மக்கள் கலைந்து சென்றனர் என்பதும், மறியலால் இத்துணை நேரம் போக்குவரத்துப் பாதிக்கப்பட்டது என்பதும் முடிவாக அமையும்.

இவ்வமைப்பில் மூன்று கூறுகள் கவனத்திற்குரியன. முதலாவது, செய்தியின் தோற்றுவாய். குடிநீர் பல நாள்களாக வரவில்லை. ஆனால் அது செய்தியான நாள், சாலை மறிக்கப்பெற்ற நாள். குடிநீர் இன்மையைவிடப் பேருந்து நின்றதே செய்தி மதிப்பை உருவாக்குகிறது. மறியல் நடைபெறும் சாலை பெரும்பாலும் ஊரை நகரத்தோடு இணைக்கும் சாலை என்பதும் எண்ணத்தக்கது. ஊராரும் இதனை அறிந்தே சாலைக்கு வருகின்றனர்.

இரண்டாவது, செய்தியின் முடிவு. மக்கள் கலைந்து செல்லும்போது செய்தி முடிகிறது. குடிநீர் வந்ததா, உறுதியளித்த அலுவலர் அதனை நிறைவேற்றினாரா என்பன அடுத்த நாள் செய்தியாவதில்லை. மீண்டும் மறியல் நடந்தால் அது புதிய செய்தியாக, பழைய மறியலின் குறிப்பின்றி எழுதப்பெறுவதும் உண்டு. எண்ட்மன் கூறும் நான்கு பணிகளுள் காரணம் காட்டுதல் இங்கு மிக மெலிந்துள்ளது. மின்மோட்டார் பழுது, குழாய் உடைப்பு என்னும் உடனடிக் காரணத்தோடு அது நின்றுவிடுகிறது. நிலத்தடி நீர் ஏன் வற்றியது, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கடைக்கோடி ஊருக்கு நீர் ஏன் எட்டவில்லை என்னும் வினாக்கள் எழுவதில்லை.

மூன்றாவது, பொறுப்பின் சிதறல். சென்னையின் குடிநீருக்குச் சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்று வாரியம் என்னும் ஒரே அமைப்பு பொறுப்பு. ஊரகத்திலோ மேல்நிலைத் தொட்டி ஊராட்சியைச் சார்ந்தது. கூட்டுக் குடிநீர்த் திட்டம் குடிநீர் வடிகால் வாரியத்தைச் சார்ந்தது. மின்சாரம் மின்வாரியத்தைச் சார்ந்தது. நிதியும் ஒப்புதலும் ஒன்றியத்தையும் மாவட்ட நிர்வாகத்தையும் சார்ந்தவை. இத்துடன் 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தல் தடைப்பட்டது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் இறுதியில்தான் நடைபெற்றது. இடைப்பட்ட மூன்றாண்டுகளும் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. இக்கட்டுரை ஒப்பிடும் இரு நீர் நெருக்கடிகளும் இக்காலத்திலேயே நிகழ்ந்தன. நிருபர் வினவுவதற்கு ஊரில் தேர்ந்தெடுக்கப்பெற்ற தலைவர் இல்லை. சென்னை மாநகராட்சியிலும் மன்றம் இல்லை. எனினும் அங்குக் குடிநீர் வாரியமும் துறை அமைச்சரும் நாள்தோறும் செய்தியாளர்க்கு விடையளிக்க வேண்டியிருந்தது.

2016-17 வறட்சி: தலைநகருக்குச் சென்ற ஊரகச் சிக்கல்

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைவாகப் பெய்தது. காவிரிப் படுகையில் சம்பாப் பயிர் கருகியது. உழவர்களின் இறப்புச் செய்திகள் மாவட்டப் பக்கங்களில் ஒவ்வொன்றாக வெளியாயின. ஒரே மாதத்தில் 106 உழவர்கள் இறந்ததாக வந்த ஊடகச் செய்திகளின் அடிப்படையில் தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2017 ஜனவரித் தொடக்கத்தில் தானாக முன்வந்து மாநில அரசுக்கு அறிவிக்கை அனுப்பியது. ஜனவரி 10 அன்று அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பெற்றன. 16,682 வருவாய்க் கிராமங்களுள் 13,305 வறட்சிக்குள்ளானவை என அரசு தெரிவித்தது.

தனித்தனி ஊர்களில் நிகழ்ந்த இறப்புகள், அவை தொகுக்கப்பெற்று ஓர் எண்ணாக மாறியபோதுதான் அரசமைப்பு நிறுவனம் ஒன்றின் கவனத்தைப் பெற்றன என்பது இங்கு அறியத்தக்கது. மாவட்டப் பக்கத்தில் நின்றுவிடும் செய்திக்கும் தொகுக்கப்பெற்ற செய்திக்கும் உள்ள ஆற்றல் வேறுபாட்டை இது காட்டுகிறது. பயிர் கருகியதாலும் குடும்பத் தலைவரை இழந்ததாலும் இழப்பீட்டிற்குக் காத்திருந்த குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு வெறும் ஆய்வுச் செய்தியன்று.

அவ்வாண்டு வறட்சியோடு போட்டியிட்ட செய்திகளும் பல. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, டிசம்பர் 5இல் முதலமைச்சரின் மறைவு, டிசம்பர் 12இல் சென்னையைத் தாக்கிய வர்தா புயல், 2017 ஜனவரியில் மெரினாவில் சல்லிக்கட்டுப் போராட்டம், பிப்ரவரியில் ஆட்சி நெருக்கடி என முதற்பக்கத்திற்குரிய நிகழ்வுகள் அடுத்தடுத்து வந்தன. இவற்றுள் பெரும்பாலானவை சென்னையில் நிகழ்ந்தவை. வறட்சிக்கு இவற்றைப் போன்ற ஒரு நாளோ இடமோ இல்லை.

இச்சூழலில் 2017 மார்ச் 14 அன்று அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக உழவர்கள் புதுதில்லி சந்தர் மந்தரில் போராட்டத்தைத் தொடங்கினர். தற்கொலை செய்துகொண்ட உழவர்களுடையவை எனக் கூறி மண்டையோடுகளை முன்வைத்தனர். எலிகளை வாயில் கவ்வி நின்றனர். படங்கள் நாடெங்கும் பரவின. 41 நாள்களுக்குப் பின்னர், முதலமைச்சர் நேரில் சந்தித்து அளித்த உறுதிமொழியை அடுத்து, ஏப்ரல் 23 அன்று அப்போராட்டம் தற்காலிகமாக நிறுத்தப்பெற்றது. அதன் வடிவம் குறித்து இருவேறு கருத்துகள் எழுந்தன. எனினும் இதழியல் நோக்கில் அது காலிக்குட மறியலின் விரிந்த வடிவம் என்றே கொள்ளத்தக்கது. ஊரிலிருந்து சாலைக்கு வந்த குடம், ஊரிலிருந்து தலைநகருக்குச் சென்ற மண்டையோடாயிற்று. முடிவும் உறுதிமொழியும் கலைந்து செல்லுதலுமாகவே அமைந்தன. ஊரகச் சிக்கல் தேசியச் செய்தியாவதற்கு நகரத்திற்கு வரவேண்டியிருந்தது. வந்த பின்னரும் சிக்கலைவிடப் போராட்ட வடிவமே படமாயிற்று.

2019 சென்னைத் தட்டுப்பாடு: நாள்தோறும் தொடர்ந்த செய்தி

2019ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வற்றின. இதனை நாளிதழ்கள் எழுதிய முறை காலிக்குடச் செய்தியிலிருந்து பெரிதும் வேறுபட்டது. நீர்த்தேக்கங்களின் இருப்பு நாள்தோறும் எண்களில் வெளியாயிற்று. தண்ணீர் லாரிக்கான முன்பதிவும் காத்திருப்பும், உணவகங்களின் நெருக்கடி, பணியாளர்களை வீட்டிலிருந்தே பணியாற்றுமாறு கூறிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களின் கொள்திறன், வீராணம் நீர் வரத்து, ஏரி ஆக்கிரமிப்பு, மழைநீர்ச் சேகரிப்பு எனச் சிக்கலின் பல பக்கங்கள் எழுதப்பெற்றன. உயர்நீதிமன்றத்தின் வினாக்களும் அமைச்சரின் விடைகளும் தொடர்ந்து இடம்பெற்றன. அயல்நாட்டு ஊடகங்களும் சென்னையைப் பற்றி எழுதின.

இது பொருண்மைச் சட்டகத்தின் தெளிவான எடுத்துக்காட்டு. சிக்கலுக்கு வரலாறு, காரணம், பொறுப்பாளர், தீர்வு, காலக்கெடு ஆகிய அனைத்தும் கூறப்பெற்றன. அரசும் விரைந்து செயற்பட்டது. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் ஏறத்தாழ 25 இலட்சம் லிட்டர் குடிநீருடன் முதல் தொடர்வண்டி சென்னைக்கு வந்தது. நகர்ப்புறச் செய்திக்கு இத்தகைய விரிவு கிடைத்ததைக் குறையாகக் கூற இயலாது. நாளிதழ் தன் கடமையை நிறைவேற்றும்போது என்ன நிகழும் என்பதை அது காட்டுகிறது. அதே முறை ஊரகத்திற்குக் கிட்டாமையே வினாவிற்குரியது.

மேட்டூர் அணை தரும் விளக்கம்

இவ்வேறுபாட்டிற்கு ஊரகம் என்பது மட்டுமே காரணமாயின், ஊரக நீர்ச் சிக்கல் எதுவும் தொடர்செய்தியாகியிருக்கக் கூடாது. இதற்கு மாறான சான்று மேட்டூர் அணை. 120 அடி முழுக்கொள்ளளவு உயரம் கொண்ட அவ்வணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவை நாளிதழ்களில் நாள்தோறும் இடம்பெறுகின்றன. மரபான அணைத் திறப்பு நாளாகிய ஜூன் 12 நெருங்கும்போது மாநிலம் முழுவதும் அது செய்தியாகிறது. இதனால் பயன்பெறுவோர் பெரும்பாலும் ஊரக உழவர்களே.

மேட்டூருக்கும் சென்னை ஏரிகளுக்கும் பொதுவான கூறுகள் மூன்று. நாள்தோறும் மாறும் ஓர் எண் உண்டு. விடையளிக்க வேண்டிய ஒரு பொறுப்பாளர் உண்டு. எதிர்நோக்கத்தக்க ஒரு நாள் உண்டு. காவிரிச் சிக்கல் இரு மாநில அரசுகளின் வழக்காகவும் அமைந்ததால் இம்மூன்றும் வலுப்பெற்றன. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் மழைநீரை நம்பிய கண்மாய்களுக்கு இம்மூன்றும் இல்லை. ஒரு கண்மாயின் நீர் இருப்பு எந்நாளிதழிலும் நாள்தோறும் வெளியாவதில்லை. வற்றிய மணலில் ஊற்றுத் தோண்டிச் சிறு பாத்திரத்தால் நீர் இறைக்கும் பெண்ணின் படம் கோடையில் ஒருநாள் அச்சாகிறது. அதன் பின்னர் அடுத்த கோடையில்தான் மீண்டும் அச்சாகிறது.

எனவே ஊரகச் சிக்கலின் செய்தித் தாழ்வு இயற்கையானதன்று. அளவீடும் பொறுப்பும் காலக்கெடுவும் அமையாததன் விளைவு எனலாம். இம்மூன்றையும் ஒரு நாளிதழ் முயன்றால் உருவாக்கிக் கொள்ள இயலும்.

ஊரகமும் நகரமும் ஒருபடித்தானவை அல்ல

ஊரகம் – நகரம் என்னும் இருமையை அப்படியே கொள்வதிலும் இடர் உண்டு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூகத்தினர் பயன்படுத்திய மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பெற்றது. சிறுவர்கள் நோயுற்றதை அடுத்தே இது வெளிப்பட்டது. மாநிலம் முழுவதும் செய்தியாகி, குற்றப்பிரிவுக் குற்றப்புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு மாற்றப்பெற்றது. அதன் பின்னர் வெளியான செய்திகள் பெரும்பாலும் விசாரணையின் படிநிலைகளைப் பின்தொடர்ந்தன. குடிநீரும் குடியிருப்பும் சாதிவழிப் பிரிந்திருக்கும் நிலை குற்றச் செய்தியின் பின்புலமாக மட்டுமே நின்றது. அன்றாடக் குடிநீர்ச் செய்தியில் இப்பின்புலம் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. ‘ஊர் மக்கள்’ என்னும் சொல் ஊரையும் குடியிருப்பையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதே ஊரில் வாழ்ந்து அங்குள்ளோரையே விளம்பரத்திற்கும் செய்திக்கும் நம்பியிருக்கும் பகுதிநேர நிருபரின் நிலையும் இதில் கருதத்தக்கது.

நகரத்திலும் இதே நிலை உண்டு. 2019இல் குழாய் நீரும் ஆழ்துளைக் கிணறும் தனியார் லாரியும் கொண்ட அடுக்ககக் குடியிருப்பின் தட்டுப்பாடும், தெருமுனைத் தொட்டியில் நள்ளிரவில் வரிசையில் நின்றோரின் தட்டுப்பாடும் ஒன்றல்ல. ஆய்வாளர் ‘நகர்ப்புறச் செய்தி’ எனத் தொகுக்கும்போது எந்த நகரம் என்னும் வினாவையும் எழுப்ப வேண்டும்.

ஒரே நீர், இரு செய்திகள்

செய்திப் பக்கங்கள் ஊரகத்தையும் நகரத்தையும் பிரித்தாலும் நீர் அவற்றைப் பிரிப்பதில்லை. சென்னைக்கு வீராணம் நீர் கடலூர் மாவட்டத்திலிருந்து வருகிறது. தட்டுப்பாட்டுக் காலங்களில் திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளின் வேளாண் கிணறுகளிலிருந்து நீர் எடுக்கப்பெற்றது. ஜோலார்பேட்டைத் தொடர்வண்டி புறப்பட்ட அன்றைய வேலூர் மாவட்டத்திலும் தட்டுப்பாடு இருந்தது; அங்கிருந்து நீர் கொண்டு செல்வதற்கு எதிர்ப்பும் எழுந்தது. எனினும் சென்னைப் பக்கத்தில் இது தீர்வாகவும் மாவட்டப் பக்கத்தில் இது போராட்டமாகவும் எழுதப்பெறும் வாய்ப்பே மிகுதி. இரண்டையும் ஒரே பத்தியில் வைக்கும்போதுதான் நீர்ப் பகிர்வு என்னும் சிக்கல் வெளிப்படும்.

அரசின் அளவுகோலே இவ்வேறுபாட்டைக் கொண்டுள்ளது. 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பெற்ற சல் சீவன் இயக்கம் ஊரகத்தில் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் வழங்குவதை இலக்காகக் கொண்டது. நகரங்களுக்கான வழிகாட்டு அளவு 135 லிட்டர். ஊரகத்தார்க்கு ஏன் பாதிக்கும் குறைவான அளவு என்பது செய்தியாக வேண்டிய வினா. ஆனால் அது ஒரு நாளில் நிகழ்ந்த நிகழ்வன்று. எனவே சாலை மறியலைப் போல அது செய்தியாவதில்லை.

முடிவுரை

தமிழ் நாளிதழ்களில் ஊரகச் சிக்கல்கள் இடம்பெறவில்லை என்பதைவிட, அவை நிகழ்வுகளாகத் துண்டிக்கப்பெற்று மாவட்ட எல்லைக்குள் நின்றுவிடுகின்றன என்பதே பொருத்தமான முடிவாகும். நகர்ப்புறச் சிக்கல் எண்ணும் பொறுப்பாளரும் காலக்கெடுவும் பெற்றுத் தொடர்செய்தியாகிறது. மேட்டூர் அணைச் செய்தி, ஊரகச் சிக்கலும் அவ்வாறு எழுதப்பெற இயலும் என்பதற்குச் சான்றாகிறது.

இதன் அடிப்படையில் நாளிதழ்களுக்கு மூன்று நடைமுறைகளைப் பரிந்துரைக்கலாம். அலுவலர் உறுதியளித்த காலம் முடிந்தவுடன் அதே ஊருக்கு மீண்டும் சென்று எழுதுதல். ஒன்றிய அளவில் நிலத்தடி நீர்மட்டத்தையும் கண்மாய் இருப்பையும் குறிப்பிட்ட இடைவெளியில் வெளியிடுதல். பல மாவட்டப் பக்கங்களில் சிதறிய ஒரே வகைச் செய்திகளைத் தொகுத்து எல்லாப் பதிப்புகளுக்குமுரிய பக்கத்தில் இடம்பெறச் செய்தல். இவற்றுள் முதலாவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை; நிருபரின் நாட்குறிப்பே போதும்.

ஆய்வாளர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. சென்னைப் பதிப்பை மட்டும் கொண்டு நிகழ்த்தும் உள்ளடக்கப் பகுப்பாய்வு ஊரகச் செய்தியைக் குறைத்துக் காட்டும். மாவட்டப் பதிப்பை மட்டும் கொண்டு நிகழ்த்துவது மிகுத்துக் காட்டும். எனவே ஒரே நாளின் பல பதிப்புகளை ஒப்பிடுதல் தேவை. பத்தி அளவோடு, செய்தி எத்தனை பதிப்புகளில் வெளியானது, பொறுப்பாளர் குறிக்கப்பெற்றாரா, தொடர்செய்தி வந்ததா, செய்தி எவ்விடத்தில் முடிகிறது என்பனவும் குறியீட்டுக் கூறுகளாக அமைய வேண்டும். மறியல் கலைந்ததோடு முடியும் செய்திகளையும் குழாயில் நீர் வந்ததை உறுதிசெய்து முடியும் செய்திகளையும் தனித்தனியே எண்ணும் ஆய்வு, ஊரகச் சிக்கலுக்கு நாளிதழ் அளிக்கும் உண்மையான இடத்தை அறியத் துணைபுரியும்.